ஐந்து கட்டையும் சுண்டவத்தல் குழம்பும்

(மூன்றாம் ஆண்டு மாணவி, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை)

 

வேலைவாய்ப்புப் பயிற்சி வகுப்பில் எங்களுக்கு ஒரு படிவம் கொடுத்தார்கள். பெயர், ஊர், மதிப்பெண் எல்லாம் எழுதி முடித்தால் கடைசியில் 'ஹாபீஸ்' என்று ஒரு கட்டம் இருந்தது. வகுப்பில் முக்கால்வாசிப் பேர் 'ரீடிங் புக்ஸ், லிசனிங் டு மியூசிக்' என்று ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதினார்கள். நான் 'வள்ளி திருமணம் நாடகம் பார்ப்பது, நாடகப் பாட்டுக் கேட்பது, சமைப்பது' என்று எழுதினேன். பக்கத்தில் இருந்த தோழி எட்டிப் பார்த்துவிட்டு, "ஏய், கம்பெனிக்காரன் சிரிப்பான்டி. அழிச்சிட்டு வேற எழுது" என்றாள். நான் அழிக்கவில்லை. மை பேனாவில் எழுதியிருந்தேன் என்பது ஒரு காரணம். அதுதான் உண்மை என்பது இன்னொரு காரணம்.

கல்யாணமாகாத பதினெட்டு வயதுப் பெண்ணிடம் 'உனக்கு என்ன தெரியும்?' என்று எல்லோரும் கேட்கிறார்கள். 'உனக்கு என்ன பிடிக்கும்?' என்று யாரும் கேட்பதில்லை. தெரிவதும் பிடிப்பதும் ஒன்றுதானே என்று நினைக்கலாம். இல்லவே இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

என்னைப் பற்றி இரண்டு வரி. எங்கள் ஊர் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு கிராமம். அப்பா சென்ட்ரிங் வேலைக்குப் போகிறார். அம்மா நடவு, களையெடுப்பு என்று கிடைத்த வேலைக்குப் போவாள். அக்கா எட்டாம் வகுப்போடு நின்றவள். எங்கள் அப்பத்தாவுக்குக் கைநாட்டுதான். எங்கள் வம்சத்திலேயே பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் நான். ஆனால் ஒன்று, கையெழுத்துப் போடத் தெரியாத அப்பத்தாவுக்கு வள்ளி திருமணம் முழுக்க மனப்பாடம்!

விடிய விடிய ஒரு வாதம்

எங்கள் பக்கத்தில் அம்மன் கோவில் திருவிழா என்றால் கடைசி நாள் ராத்திரி நாடகம் உண்டு. டவுன் பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன். இது தெருக்கூத்து இல்லை. மேடை போட்டு, திரை கட்டி, ஆர்மோனியம், மிருதங்கம் எல்லாம் வைத்து நடக்கும் இசை நாடகம். வசனத்துக்குச் சமமாகப் பாட்டு இருக்கும். வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி என்று நாடகங்களை எழுதி இந்த மரபை நிலைநிறுத்தியவர் சங்கரதாஸ் சுவாமிகள். 1867-ல் பிறந்து 1922-ல் மறைந்தவர். அவர் மறைந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. எங்கள் ஊர்த் திருவிழா நோட்டீசில் இன்னமும் அவர் நாடகம்தான் அச்சாகிறது.

இதில் ஒரு அதிசயம் உண்டு. நடிகர்களுக்கு ஒத்திகை கிடையாது. இதற்கு 'ஸ்பெஷல் நாடகம்' என்று பெயர். ராஜபார்ட் ஒரு ஊர்க்காரராக இருப்பார். ஸ்திரீபார்ட் நடிக்கும் அம்மா வேறு ஊரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்குவார். பபூன் இன்னொரு ஊர். அன்றைக்கு ராத்திரிதான் எல்லோரும் சந்திப்பார்கள். ஆர்மோனியக்காரர் சுருதி பிடித்ததும் நாடகம் தொடங்கிவிடும். இன்னார் பாடினால் இன்னார் எப்படிப் பதில் பாடுவது என்பது எல்லோருக்கும் அத்துப்படி. நாங்கள் ஒரு செமினாருக்கு நான்கு பேர் ஒரு வாரம் ஒத்திகை பார்த்தும் மேடையில் திணறுகிறோம்!

ராத்திரி பத்து மணிக்குப் பபூன் வந்து சிரிக்க வைப்பார். நான் அப்பத்தாவோடு சாக்கு விரித்து முன்வரிசையில் உட்கார்ந்துவிடுவேன். என் அம்மாவுக்கு அது பிடிக்காது. "வயசுப் புள்ள கூத்துப் பாக்கப் போயி விடிய விடியக் குந்தியிருக்கா பாரு" என்பாள். பபூன் சில நேரம் இரட்டை அர்த்தத்தில் பேசுவார்தான். அப்போது அப்பத்தா என் காதைப் பொத்தமாட்டாள். "இது ஆம்பளைங்களுக்கு. நீ இந்தக் கடலய உரிச்சுத் தின்னு" என்று பொட்டலத்தைக் கையில் கொடுப்பாள். எங்கள் நாடகம் நள்ளிரவுக்கு மேல்தான் ஆரம்பம்.

வள்ளி தினைப்புனம் காக்க வருவாள். ஆலோலம் பாடிக் கிளி விரட்டுவாள். அப்போது நாரதர் வந்து, 'முருகனைக் கல்யாணம் செய்துகொள்' என்பார். வள்ளி மாட்டேன் என்பாள். அங்கேதான் வாதம் தொடங்கும். நாரதர் ஒன்று சொன்னால் வள்ளி இரண்டு சொல்வாள். பாட்டுக்குப் பாட்டு, வசனத்துக்கு வசனம், புராணத்திலிருந்து ஒரு உதாரணம், உள்ளூர் நடப்பிலிருந்து ஒரு உதாரணம். நல்ல வள்ளியும் நல்ல நாரதரும் அமைந்துவிட்டால் மணிக்கணக்கில் போகும். கடவுள் அனுப்பிய தூதனைப் பார்த்து ஒரு குறத்திப் பெண், 'என் கல்யாணத்தைப் பற்றிப் பேச நீ யார்?' என்று கேட்கிறாள். ஊரே கை தட்டுகிறது! பெரிய மீசை வைத்த அம்பலகாரரிலிருந்து பால்வாடிக் குழந்தை வரை முழித்திருந்து கேட்கிறார்கள்.

எட்டாம் வகுப்புப் படிக்கும்போது நான் அப்பத்தாவைக் கேட்டேன்.

"அப்பத்தா, வள்ளி இவ்வளவு பேசுறாளே, யாரும் திட்ட மாட்டாங்களா?"

"மேடையில பேசுனா யாரு ஆத்தா திட்டுவா? எறங்கி வந்து பேசிப் பாரு, தெரியும்" என்றாள் அப்பத்தா.

அப்போது எனக்கு அது விளங்கவில்லை.

லேபில் கேட்ட சுருதி

நாடகப் பாட்டுப் பைத்தியம் பிடித்த பிறகு பழைய கதைகளைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். தமிழின் முதல் பேசும் படம் 'காளிதாஸ்' வந்தது 1931-ல். அதன் கதாநாயகி டி.பி. ராஜலட்சுமி நாடக மேடையிலிருந்து வந்தவர். அவரே 1936-ல் 'மிஸ் கமலா' என்ற படத்தை இயக்கினார். கொடுமுடியில் ஏழைக் குடும்பத்தில் பிறந்த கே.பி. சுந்தராம்பாள் மேடையில் வள்ளியாகப் பாடியவர். 1935-ல் வந்த 'நந்தனார்' படத்தில் ஆண் வேடத்தில் நந்தனாராகவே நடித்தார். அதற்கு அவர் வாங்கிய சம்பளம் ஒரு லட்சம் ரூபாய்! 1953-ல் அவரே 'ஔவையார்'. அவரும் எஸ்.ஜி. கிட்டப்பாவும் சேர்ந்து நடித்த நாடகங்களுக்குக் கூட்டம் அலைமோதியதாம். கிட்டப்பா 1933-ல் இளம் வயதிலேயே காலமாகிவிட்டார்.

அந்தக் காலத்தில் மைக் கிடையாது. கொட்டகையின் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும். அதனால் ஐந்து கட்டை, ஐந்தரைக் கட்டை என்று உச்சத்தில் சுருதி வைத்துப் பாடினார்கள். ஆர்மோனியத்தில் ஸி சுரத்தில் தொடங்கி வெள்ளைக் கட்டைகளை எண்ணிக்கொண்டே போனால் ஐந்தாவது ஜி, ஆறாவது ஏ. ஏ என்பதற்கு 440 ஹெர்ட்ஸ் என்று உலகம் முழுக்க ஒரு அளவு வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கில் ஐந்து கட்டைக்கு 392 ஹெர்ட்ஸ்.

இதைப் படித்த மறுநாள் எங்களுக்கு எலக்ட்ரானிக்ஸ் லேப். சோதனையை முடித்துவிட்டு ஃபங்ஷன் ஜெனரேட்டரில் 392 வைத்து, ஒரு சின்ன ஸ்பீக்கரில் இணைத்தேன். 'ஊ...' என்று கேட்டது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எங்கள் ஊர் ஆர்மோனியக்காரர் பிடிக்கும் அதே சுருதி! ஆனால் சப்பென்று இருந்தது. பிறகு போனில் வைத்திருந்த ஆர்மோனியச் சத்தத்தை சி.ஆர்.ஓ-வில் கொடுத்துப் பார்த்தேன். ஜெனரேட்டரின் அலை வழவழவென்று சைன் அலையாக இருந்தது. ஆர்மோனியத்தின் அலையோ கோணலும் மாணலுமாக, பல்லும் பள்ளமுமாக இருந்தது. 392-உடன் 784, 1176 என்று அதன் மடங்குகளும் சேர்ந்து ஒலிப்பதால் வரும் கோணல் அது. அந்தக் கோணலில்தான் இனிமை இருக்கிறது. லேபில் இருந்த சார், "என்னம்மா பண்றே?" என்றார். "வள்ளி திருமணம் சார்" என்றேன். ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "வால்யூமக் கொஞ்சம் வை" என்றார்.

போன வருஷம் நாடகத்தில் நடு ராத்திரி மைக் 'கீ'யென்று ஊளையிட்டது. நான் அப்பத்தாவுக்குப் பாடம் எடுத்தேன். "ஸ்பீக்கர்லேருந்து வர்ற சத்தம் திரும்ப மைக்குக்குள்ள போகுது. அது பெருசாகி மறுபடி ஸ்பீக்கருக்கு வருது. இப்படியே சுத்திச் சுத்தி ஊளையாயிடுது. இதுக்குப் பேரு ஃபீட்பேக்." அப்பத்தா வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டுவிட்டு, "அப்ப அந்த ஸ்பீக்கரத் தூக்கி மைக்குக்கு முன்னால தள்ளி வைக்கச் சொல்லு" என்றாள். புத்தகத்திலும் அதுதான் தீர்வு! மூன்று வருஷம் படித்து நான் கண்டதை அப்பத்தா மூன்று நிமிஷத்தில் சொல்லிவிட்டாள்.

என் காசில் ஒரு சட்டி

அடுத்தது சமையல். 2022-ல் அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்காகப் புதுமைப் பெண் திட்டம் கொண்டு வந்தார்கள். மேற்படிப்புப் படித்தால் மாதம் 1,000 ரூபாய். பணம் முதன்முதலாக என் கணக்குக்கு வந்த அன்று அப்பாவிடம் 600 ரூபாய் கொடுத்தேன். மிச்சத்தை வைத்துச் சந்தையில் ஒரு இரும்புச் சட்டி வாங்கினேன். "எல்லாப் புள்ளைகளும் சுடிதார் வாங்குது, இது சட்டி வாங்கிட்டு வருது" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அரிசி கழுவின தண்ணியை ஊற்றிப் பழக்கி, எண்ணெய் தேய்த்துக் காயவைத்து, ஒரு வாரத்தில் அதைக் கருகருவென்று மாற்றினேன். வீட்டில் என் பெயர் சொல்லிக் கூப்பிடும் பொருள் அது ஒன்றுதான். 'பாப்பா சட்டி.'

ஞாயிற்றுக்கிழமை அந்தச் சட்டியில் சுண்டவத்தல் குழம்பு வைப்பேன். நல்லெண்ணெய் காய்ந்ததும் வத்தலைப் போட்டு, கறுக்க விடாமல் பொரித்துத் தனியே எடுத்துவிட வேண்டும். கறுத்தால் கசப்பு ஏறிவிடும். அதே எண்ணெயில் கடுகு, வெந்தயம், கறிவேப்பிலை. உரித்த சின்ன வெங்காயமும் பூண்டும் முழுசாகப் போட்டு, கண்ணாடி மாதிரி ஆகும்வரை வதக்க வேண்டும். பிறகு புளிக்கரைசல், மிளகாய்த்தூள், மல்லித்தூள், உப்பு. கொதித்துக் கொதித்துச் சுண்டி, ஓரத்தில் எண்ணெய் பிரிந்து மினுக்கும்போது வத்தலைப் போட்டு, ஒரு துண்டு வெல்லம் சேர்த்து இறக்க வேண்டும். முதல் நாளைவிட இரண்டாம் நாள் ருசி அதிகம். திங்கட்கிழமை என் டிபன் பாக்ஸை யார் யார் காலி செய்கிறார்கள் என்பது இதைப் படிக்கும் சிலருக்கு நன்றாகத் தெரியும்!

எவ்வளவு புளி, எவ்வளவு உப்பு என்று அப்பத்தாவைக் கேட்டால் கையைத்தான் காட்டுவாள். "இம்புட்டு." ஒரு நாள் அந்த 'இம்புட்டை' தராசில் வைத்துப் பார்த்தேன். மூன்று தடவை எடுத்த புளியும் ஏறக்குறைய ஒரே எடை. ரெசிஸ்டருக்கே ஐந்து சதவீதம் டாலரன்ஸ் கொடுக்கிறோம். அப்பத்தா கைக்கு அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும்!

நாடகமும் சமையலும் எனக்கு வேறு வேறு இல்லை. வள்ளி திருமணத்தில் முருகன் கிழவனாக வந்து பசி என்பார். வள்ளி தேனும் தினைமாவும் கொடுப்பாள். தின்றதும் கிழவனுக்கு விக்கல் எடுக்கும், தண்ணீர் கேட்பார். அது வெறும் நடிப்பு என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு நாள் தினையைக் களைந்து ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, உரலில் இடித்துச் சலித்து, தேன் விட்டுப் பிசைந்து உருண்டை பிடித்தேன். தேன் கொஞ்சம் குறைச்சல். அப்பா ஒரு வாய் போட்டதும் தொண்டையில் அடைத்து விக்கல் வந்துவிட்டது! "தண்ணி, தண்ணி" என்று கையைக் காட்டினார். அப்பத்தா விழுந்து விழுந்து சிரித்தாள். தினைமாவு இடித்துத் தின்று பார்த்த யாரோதான் இந்தக் கதையைக் கட்டியிருக்க வேண்டும் என்று எனக்கு அன்று தோன்றியது.

சமையல் என்றாலே ஆனந்தம் என்று நான் எழுதினால் அது பொய். என் அம்மா தினமும் காலை நாலரை மணிக்கு எழுந்து சமைக்கிறாள். அதற்குப் பிறகு வயலுக்குப் போகிறாள். நான் ஞாயிற்றுக்கிழமை ஆசைக்குச் சமைப்பதும் அவள் வருஷம் 365 நாளும் சமைப்பதும் ஒன்றாகாது. ஒரு நாள் அவளிடம் கேட்டேன்.

"அம்மா, ஒனக்குச் சமைக்கப் புடிக்குமா?"

அவள் அரிவாள்மனையில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"அதெல்லாம் யாருடி கேட்டா?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே, "காய் நறுக்கப் புடிக்காது. ராத்திரி ஆட்டி வச்ச மாவு காலையில பொங்கி வந்து மூடியத் தள்ளிக்கிட்டு நிக்கும் பாரு, அதப் பாக்கப் புடிக்கும்" என்றாள்.

இருபத்தைந்து வருஷமாகச் சமைக்கிற ஒருத்திக்கு அதில் என்ன பிடிக்கும் என்று எங்கள் வீட்டில் அன்றைக்குத்தான் தெரிந்தது.

அக்காவின் பாட்டு

எங்கள் வீட்டில் உண்மையான பாட்டுக்காரி அக்காதான். எனக்குக் கேட்க மட்டும்தான் தெரியும். அக்கா ஒரு தடவை கேட்டால் போதும், அதே குழைவோடு பாடிவிடுவாள். நடவு வயலில் அவள் பாடினால் பக்கத்து வயல்காரர்களும் வேலையை நிறுத்திக் கேட்பார்கள். கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டே அவள் வள்ளியாகப் பாட, அப்பத்தா வாசலில் உட்கார்ந்து நாரதராகப் பதில் சொல்வாள்.

அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். இரண்டு கேள்விதான் கேட்டார்கள். "சமைக்கத் தெரியுமா?" "பாடத் தெரியுமா?" அக்கா செய்த கேசரியைச் சாப்பிட்டார்கள். ஒரு சாமி பாட்டுப் பாடச் சொன்னார்கள். பாடினாள். எல்லோருக்கும் பிடித்துவிட்டது. நாள் குறித்தார்கள்.

கல்யாணத்துக்குப் பிறகு அந்த வீட்டில் அவள் ஒரு நாள் பாத்திரம் துலக்கிக்கொண்டே பாடியிருக்கிறாள். "தெருவுல போறவன் நின்னு கேக்குறான். குடும்பப் பொம்பள செய்யிற வேலையா இது?" என்று கேட்டிருக்கிறார்கள். அதோடு நிறுத்திவிட்டாள். பாடச் சொன்னவர்களே அதே வாயால் பாடாதே என்றார்கள். பரீட்சையில் பாஸான பிறகு புத்தகத்தை எடைக்குப் போடுவார்களே, அந்த மாதிரி ஆகிவிட்டது அக்காவின் பாட்டு. இப்போது குழந்தையைத் தூங்க வைக்கும்போது மட்டும் வாய்க்குள் முனகுகிறாள். நான் அறைக்குள் போனால் அதையும் நிறுத்திவிடுகிறாள்.

பிடித்ததைத் தகுதியாக மாற்றிவிட்டால் அது நம்முடையதாக இருக்காது என்று எனக்குக் காட்டியவள் என் அக்கா.

தை பிறந்தது

எனக்குப் பதினெட்டு முடிந்தது கார்த்திகையில். தை பிறந்ததும் பெரியப்பா முறையில் ஒருவர் ஒரு சம்பந்தத்தோடு வந்துவிட்டார். மாப்பிள்ளைக்கு வெளிநாட்டில் வேலையாம். திண்ணையில் உட்கார்ந்து அப்பாவிடம், "தம்பி, புள்ளைக்குச் சமையல் தெரியும்ல?" என்றார். அம்மா உள்ளேயிருந்து, "சுண்டவத்தக் கொழம்பு வச்சான்னா ஊரே மணக்கும்ணே" என்றாள் பெருமையாக. எனக்கு நெஞ்சில் சுருக்கென்றது. என் சட்டி, என் குழம்பு, என் ஞாயிற்றுக்கிழமை எல்லாம் ஒரு நொடியில் சீர்வரிசைப் பட்டியலில் ஏறிவிட்டது போல இருந்தது.

நான் வாசலுக்கு வந்தேன். கால் நடுங்கியது. குரல் மட்டும் நடுங்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டு பேசினேன்.

"அப்பா, நான் டிப்ளமாவ முடிக்கிறேன். வேலைக்குப் போறேன். கொஞ்ச நாளு என் கையால சம்பாதிக்கிறேன். அதுக்கப்புறம் பேசலாம்ப்பா."

பெரியப்பாவுக்குக் கோபம். "பாத்தியா தம்பி, நாலு எழுத்துப் படிக்க வச்சா இப்படித்தான். பெரியவங்க பேசையில நடுவுல வந்து பேசுது பாரு" என்றார். அப்பா தலையைக் குனிந்து பீடிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கடன் இருக்கிறது, உடம்பும் முன்போல இல்லை. அவர் கவலை எனக்குப் புரியாமல் இல்லை. இரண்டு பேருக்கும் நடுவில் அந்தத் திண்ணையே கனத்துக் கிடந்தது.

அப்போதுதான் மூலையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அப்பத்தா உலக்கையைக் கீழே வைத்தாள்.

"ஏம்ப்பா, போன வைகாசியில முன்வரிசையில குந்தி வள்ளி பேசுனதுக்கெல்லாம் கையத் தட்டுனியே? காசு வேற குத்திவிட்ட. அவ நாரதருகிட்ட மூணு மணி நேரம் பேசுனா. எம் பேத்தி மூணு வார்த்த பேசக் கூடாதா?"

பெரியப்பாவுக்குப் பதில் வரவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, "அண்ணே, பரீட்ச முடியட்டும். ஒரு வருசம் போகட்டும். அப்பறம் பாப்போம்" என்றார்.

மேடையிலிருந்து இறங்கி வந்து பேசினால் என்ன ஆகும் என்று அப்பத்தா அன்று சொன்னதன் அர்த்தம் இப்போது புரிகிறது. ஊர் விடிய விடியக் கண் விழித்து ஒரு பெண்ணின் 'மாட்டேன்'-ஐ ரசிக்கிறது. வீட்டுப் பெண் ஒரு தரம் சொன்னால் பொறுக்கவில்லை. 'கடைசியில் வள்ளிக்கும் கல்யாணம்தானே நடக்கிறது?' என்று யாராவது கேட்கலாம். நடக்கிறதுதான். ஆனால் விடிய விடியப் பேச விட்ட பிறகுதான் நடக்கிறது. அவளைப் பயமுறுத்த யானை வரும் இடம் மட்டும் எனக்குப் பிடிக்காது. நான் எழுதியிருந்தால் யானையை விட்டிருக்க மாட்டேன்!

ஒரு நாள் விடியற்காலை நாடகம் முடிந்ததும் வள்ளியாக நடித்த அம்மாவைக் கிட்டத்தில் பார்த்தேன். அரிதாரத்தைத் தேங்காய் எண்ணெயால் துடைத்துவிட்டு, பையைத் தோளில் போட்டு, முதல் பஸ்ஸுக்காக டீக்கடை வாசலில் நின்றார். அப்பத்தா அவர் கையில் மாவிளக்கு மாவைக் கொடுத்தாள். "பேத்தி என்ன படிக்குது?" என்று கேட்டார். சொன்னோம். "எம் மகளும் நர்சிங் படிக்கிறா. அவளுக்குப் பீஸ் கட்டத்தான் இந்த வைகாசி பூரா மேடை" என்றார். கூத்தாடி என்று ஊர் ஒரு மாதிரியாகப் பேசும் பெண்ணின் பாட்டில் ஒரு மகள் படிக்கிறாள். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்.

தோழியரே, உங்களுக்கும் ஏதோ ஒன்று பிடித்திருக்கும். கோலமாக இருக்கலாம், கிரிக்கெட்டாக இருக்கலாம், வயர் கூடை பின்னுவதாக இருக்கலாம், பழைய ரேடியோவைக் கழற்றி மாட்டுவதாக இருக்கலாம். அதை யாருக்காகவும் சான்றிதழாக்காதீர்கள், வெட்கப்பட்டு மறைக்கவும் வேண்டாம். தோழர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. சுண்டவத்தலைப் பொரிப்பது டிப்ளமாவைவிடக் கஷ்டமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் அம்மாவை உட்கார வைத்துவிட்டு நீங்கள் சட்டியைப் பிடியுங்கள். பிடிக்கிறதா இல்லையா என்று அப்புறம் சொல்லுங்கள். அப்படியே உங்கள் அம்மாவுக்கு என்ன பிடிக்கும் என்றும் கேட்டுவிடுங்கள்.

எனக்கு ஒரு வருஷம் கிடைத்திருக்கிறது. அதற்குள் ஒரு வேலையில் சேர வேண்டும். முதல் சம்பளத்தில் ஒரு பழைய ஆர்மோனியம் வாங்கி அக்கா வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று ஆசை. அக்காவின் மாமியார் கேட்டால், 'குழந்தைக்கு விளையாட்டுச் சாமான்' என்று சொல்வதாக உத்தேசம்!

வருகிற வைகாசியில் எங்கள் ஊரில் வள்ளி திருமணம் உண்டு. வர விருப்பமுள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். உட்காரச் சாக்கு நான் கொண்டு வருகிறேன். காலையில் பழைய சோறும் சுண்டவத்தல் குழம்பும் எங்கள் வீட்டில். பபூன் பேசும்போது கடலை உரித்துக் கொடுக்க அப்பத்தா இருக்கிறாள்.